வியாழக்கிழமை நடை

ஆமா சார், நான்தான். விண்வெளிக்குப் போயிட்டு வந்த தெய்வேந்திரன். பஸ் ஏறினதிலிருந்து நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க, நானும் கவனிச்சேன். ஜன்னல் ஓரம் வேணும்னா உக்காந்துக்கங்க. எனக்கு ஜன்னல் தேவையில்ல. பாத்த வரைக்கும் போதும்.

வயிறா? வயிறு நல்லா இருக்கு சார். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. போன வாரம் தேனியில ஒரு கல்யாணம். பந்தியில அத்தனை பேருக்கும் பிரியாணி, எனக்கு மட்டும் தனியா ரசஞ்சோறு. பரிமாறினவர் காதுகிட்ட குனிஞ்சு, "உங்களுக்கு ஆகாதுன்னு தெரியும் சார்"னு சொல்லிட்டுப் போறார். சாப்பிட்டேன். வேற என்ன செய்யறது.

நீங்க எங்க இறங்கறீங்க? ஆண்டிபட்டியா? சரி, நேரம் இருக்கு. முன்ன பின்ன தெரியாத ஆளு நீங்க, இறங்கிப் போயிடுவீங்க. உங்ககிட்ட சொல்லலாம். வயித்துவலி வந்தது எனக்கில்ல சார்.

எட்டு மாசம் இருக்கறதா போனோம். எழுபத்தோராம் நாள் இறங்கி வந்துட்டோம். "குழுவில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு"ன்னு ஒரே ஒரு வரி அறிக்கை. யாருன்னு சொல்லல. சொல்லக்கூடாது, விதி அப்படி. ஒருத்தரோட உடம்பு அவரோட சொந்த விஷயம். நம்ம ஊர்ல என்ன நினைச்சாங்க? நாலு பேர் போனாங்க, ஒருத்தருக்கு முடியல, அப்ப அது நம்ம ஆளாத்தான் இருக்கும். தீர்ந்துச்சு கதை. நான் இல்லன்னு சொன்னா மிச்சம் மூணு பேர்ல யாருன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்கல்ல? அதனால நான் வாயே திறக்கல. விதியை மதிச்சுத்தான். வேற காரணம் ஒண்ணும் கிடையாது.

மூணு பேரையும் சொல்லிடறேன். தலைவர் யெர்லான். கஜகஸ்தான்காரர், ரெண்டு தடவை ஏற்கனவே போயிட்டு வந்தவர், அதிகம் பேச மாட்டார். லூக்குன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், நல்ல மனுஷன், எந்நேரமும் சீட்டி அடிப்பார். அப்புறம் துஷ்யந்தி.

துஷ்யந்தி கனடா நாட்டு ஆளு. ஆனா அப்பா அம்மா பருத்தித்துறைக்காரங்க, வீட்ல தமிழ்தான். பயிற்சியில முதல் நாள் என் சட்டையில இருந்த பேரைப் படிச்சுட்டு நேரா வந்து, "நீங்கள் தமிழோ?"ன்னா. அன்னைக்கிலிருந்து நான் அவளுக்கு அண்ணை. என்னைவிட பதினோரு வயசு சின்னவ. மேல போனதுக்கப்புறமும் சாப்பாட்டு மேசையில நாங்க ரெண்டு பேரும் தமிழ்லதான் பேசிக்குவோம். நான் பேசறதுல பாதியை அவ கேலி பண்ணுவா, அவ பேசறதுல பாதி எனக்குப் புரியாது. மத்த ரெண்டு பேருக்கும் மொத்தமும் புரியாது. அது ஒரு சௌகரியம்.

என் வேலை என்னன்னு கேட்டா, ரெண்டு வேலை. ஒண்ணு, நான்தான் அங்க மருத்துவப் பொறுப்பாளர். டாக்டர் இல்ல சார். விமானப்படைக்காரன். மூணு மாசம் பயிற்சி குடுத்தாங்க. ஊசி போடுவேன், தையல் போடுவேன், தேவைப்பட்டா பல் பிடுங்குவேன். ரெண்டாவது வேலைதான் பெரிசு. விண்வெளி நடை. நடைன்னு பேரே ஒழிய கால் எங்கயும் படாது, கையாலயே பிடிச்சுப் பிடிச்சு நகரணும். நிலையத்துக்கு வெளிய ஒரு பம்ப் பெட்டி பழுதாயிருந்துச்சு. அதைக் கழட்டிட்டு வேற மாட்டணும். பிளம்பர் வேலைதான். ஆனா அதுக்காக நான் பதினோரு வருஷம் காத்திருந்தேன். ரெண்டு தடவை பட்டியல்ல பேர் வந்து, கடைசி நேரத்துல எடுத்துட்டாங்க. தண்ணித் தொட்டிக்குள்ள அந்த விண்வெளிச் சட்டையைப் போட்டுக்கிட்டு எத்தனை மணி நேரம் பழகினேன்னு எனக்கே தெரியாது. இந்த ரெண்டு தோள்லயும் இன்னும் தழும்பு இருக்கு. பஸ்ல காட்ட முடியாது.

நடைக்கு நாள் குறிச்சாச்சு. வியாழக்கிழமை. நானும் லூக்கும் வெளிய போறோம். துஷ்யந்தி உள்ள உக்காந்து எந்திரக் கையை இயக்கணும். அந்தக் கைதான் புதுப் பெட்டியைத் தூக்கிக் கொண்டாந்து எங்ககிட்ட குடுக்கும். அவ இல்லன்னா நடை இல்ல. இதை ஏன் சொல்றேன்னா, திரும்பி வந்ததும் நடந்த விசாரணையில இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க.

செவ்வாய்க்கிழமை காலையில உடற்பயிற்சி முடிச்சுட்டு வந்தா. "அண்ணை, எனக்கு வயித்துக்குள்ள நோகுது"ன்னா. எங்கன்னேன். தொப்புளைக் காட்டினா. அங்க எல்லாருக்கும் வயிறு உப்புசமாத்தான் சார் இருக்கும். குடிக்கற தண்ணியில இருக்கிற காத்து மேல வராது, ஏப்பம் விட முடியாது. அதுவாத்தான் இருக்கும்னேன். மாத்திரை குடுத்தேன். குடுக்கற ஒவ்வொரு மாத்திரையையும் பதிவேட்டுல எழுதணும். எழுதினேன். என் பேர்ல எழுதினேன், தலைவலிக்குன்னு. அது தப்புன்னு பின்னால சொன்னாங்க. ஆனா எனக்கும் அன்னைக்குத் தலைவலி இருந்துச்சு சார், சத்தியமா.

புதன்கிழமை காலையில சாப்பாட்டு மேசைக்கு வந்தா. பக்கத்துல யாரும் இல்ல. எதையும் தொடல. "நேற்று நடுவில நொந்தது. இப்ப வலப்பக்கம் இறங்கிட்டுது அண்ணை"ன்னா. பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க, வலி நடுவுல தொடங்கி வலது பக்கம் இறங்கினா குடல்வாலா இருக்கலாம்னு. இருக்கலாம்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. இருக்கும்னு சொல்லல. எங்கிட்ட ஸ்கேன் கருவி இருந்துச்சு. அதுல எடுக்கற படம் நேரா கீழ டாக்டருங்களுக்குப் போயிடும். உறுதியா தெரியாத ஒண்ணுக்காக அவங்களை எதுக்குக் கலவரப்படுத்தணும்னு எடுக்கல.

அவ கேட்டா, "இண்டைக்கு டொக்டரோட கதைக்கிற நாள். சொல்லட்டோ?"

வாரம் ஒரு தடவை, புதன்கிழமை, கீழ இருக்கிற டாக்டர்கிட்ட ஒவ்வொருத்தரும் தனியா பேசணும். அதைத்தான் கேட்டா. நான் சொன்னேன், "பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் சார் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. மேசைக்குப் பக்கத்துல ஒரு மைக் திறந்தே இருந்திருக்கு, அது எனக்குத் தெரியாது. அப்ப கீழ வேலையில இருந்தவங்க யாருக்கும் தமிழ் தெரியாது. பின்னால விசாரணைக்குன்னு ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மாவை அழைச்சுட்டு வந்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாங்க. அந்த அம்மா என்ன எழுதினாங்க தெரியுமா? "இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம்." அப்படியா சார் அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. நான் பொறுப்பு, கவலைப்படாதேன்னுதானே அர்த்தம்? வீட்ல யாருக்காவது முடியலன்னா நாம என்ன சொல்றோம், நான் பாத்துக்கறேன்னு சொல்றோம்ல?

அது பாத்துக்கறேன், இது பாத்துக்கலாம்ங்கறீங்களா?

அந்த அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. அரை நாள் இந்த ஒரு வார்த்தையிலயே போச்சு. எட்டு பேர் உக்காந்திருந்தாங்க, அதுல ஆறு பேருக்கு அந்த வார்த்தையை உச்சரிக்கவே வராது.

சரி, விடுங்க. அன்னைக்கு அவ டாக்டர்கிட்ட பேசினா. நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்கா. நான் சொல்லச் சொல்லல. அதுக்கப்புறம் ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. பையைக் கட்டிக் குப்பையில போட்டது நான்தான். அங்க யாரும் படுக்கறதில்ல சார், மிதந்துக்கிட்டேதான் தூங்குவோம். முட்டி தானா கொஞ்சம் மடங்கிக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். அதனால அவ வலியில சுருண்டு கிடந்தது யாருக்கும் வித்தியாசமா தெரியல.

எனக்குத் தெரிஞ்சுச்சு. அதனாலதான் இன்னொரு மாத்திரை குடுத்தேன்.

வியாழக்கிழமை. அந்தச் சட்டையை ஒருத்தரா போட முடியாது, இன்னொருத்தர் மாட்டி விடணும். துஷ்யந்திதான் எனக்கு மாட்டி விட்டா. கையுறையைத் திருகிப் பூட்டறப்ப பாத்தேன், உதடு வெளுத்துப் போயிருந்துச்சு. நெத்தியில வேர்வை. அங்க வேர்வை வழியாது, ஒட்டிக்கிட்டே நிக்கும். "முடியுமா?"ன்னு கேட்டேன். நான் கேக்காம இல்ல, கேட்டேன். "ஏலும் அண்ணை"ன்னா. சொன்னவ அவ. கடைசியா என் தலைக்கவசத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "கவனமா போயிட்டு வாங்கோ"ன்னு சொன்னா.

உள்கதவை மூடியாச்சு. நானும் லூக்கும் சின்ன அறைக்குள்ள. அங்க இருக்கிற காத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுப்பாங்க. காத்து போகப் போக சத்தமும் போயிடும். லூக் வழக்கம்போல சீட்டி அடிச்சுக்கிட்டிருந்தார், ரேடியோவுல கேட்டுச்சு. சட்டை விறைக்க ஆரம்பிச்சுது. வெளிக்கதவு என் மூஞ்சிக்கு நேரா ஒரு முழ தூரம்கூட இல்ல. அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாது சார். அந்த ஒண்ணுமில்லாததைப் பாக்கத்தான் நான் பதினோரு வருஷமா உக்காந்திருந்தேன். இன்னும் பத்து நிமிஷம்.

அப்ப யெர்லான் குரல். "நிறுத்துங்க. துஷ்யந்தி மயங்கிட்டாங்க. நூத்தி மூணு காய்ச்சல். மயங்கறதுக்கு முன்னால, செவ்வாய்க்கிழமையிலிருந்து வலிக்குதுன்னு சொன்னாங்க." அப்புறம் என்கிட்ட, "தெய்வேந்திரன், உங்களுக்கு இது தெரியுமா?"

அந்த ரேடியோவைக் கீழ நாப்பது பேர் கேட்டுக்கிட்டிருக்காங்க. தெரியும்னா ஒரு பதில், தெரியாதுன்னா ஒரு பதில். நான் ரெண்டும் சொல்லல. "பெட்டியை மட்டும் கழட்டி வச்சிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறோமே"ன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படல, இங்கிலீஷ்லயே கேட்டேன்.

லூக் என்னைத் திரும்பிப் பாத்தார். சீட்டி நின்னு போச்சு. அப்புறம் சட்டை மெல்லத் தளர ஆரம்பிச்சுது. அறைக்குள்ள காத்தைத் திருப்பி விடறாங்கன்னு அர்த்தம்.

அந்த அறையிலிருந்து நிலையத்துக்குள்ள வந்ததும் நான் என் வேலையைச் செஞ்சேன் சார், அதுல யாரும் குறை சொல்ல முடியாது. கீழ இருந்து டாக்டர் சொல்லச் சொல்ல நரம்புல ஊசி ஏத்தணும். உடம்புல தண்ணி வத்திப்போய் நரம்பே தெரியல. மூணாவது குத்துல கிடைச்சுது. அங்க ட்ரிப்ஸ் தானா இறங்காது, பையை அமுக்கிக்கிட்டே இருக்கணும். முப்பது மணி நேரம் நான்தான் அமுக்கினேன். லூக் மாத்திவிட வந்தார், நான் விடல. இதெல்லாம் அறிக்கையில ஒரு வரிகூட இல்ல.

நடுவுல ஒரு தடவை கண்ணைத் திறந்து பாத்தா. "அண்ணை, உங்கட நடை போயிட்டுது. என்னாலதான். குறை நினைக்காதேங்கோ"ன்னா. கண்ணுல தண்ணி. அதுவும் வழியாது, கண்ணு மேலயே ஒரு குமிழி மாதிரி நிக்கும். நான் துணியால ஒத்தி எடுத்தேன். "பரவாயில்லம்மா, அதையெல்லாம் மனசுல வச்சுக்காதே"ன்னு சொன்னேன். அவளை மன்னிச்சுட்டேன் சார். எனக்கு அப்படியெல்லாம் மனசுல வச்சுக்கற பழக்கம் கிடையாது.

நாங்க இறங்கி வர ஒரே கலம்தான் இருந்துச்சு. ஒருத்தர் வந்தா நாலு பேரும் வந்தாகணும். சனிக்கிழமை கிளம்பிட்டோம். யெர்லான் கடைசியா விளக்கெல்லாம் அணைச்சுட்டு வந்தார். அந்தப் பெட்டி பழுதாவே கிடக்கட்டும்னு விட்டுட்டு வந்தோம்.

இறங்கறது சுலபம் இல்ல. முட்டியை மடக்கி நெஞ்சோட வச்சுக் கட்டிடுவாங்க. காத்து மண்டலத்துக்குள்ள நுழையறப்ப உடம்பு நாலு மடங்கு, அஞ்சு மடங்கு கனக்கும். நல்லா இருக்கறவனுக்கே மூச்சு முட்டும். இவளுக்கு உள்ள சீழ் பிடிச்ச வயிறு. எனக்குப் பக்கத்து இருக்கை அவளுக்கு, தோளோட தோள் இடிக்கும். சத்தமா எண்ண ஆரம்பிச்சா. ஒண்டு, ரெண்டு, மூண்டுன்னு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு எண். அறுபத்தி நாலோட நின்னு போச்சு.

நான் கூப்பிட்டேன். பதில் இல்ல. தலையைத் திருப்ப முடியாது, அவ்வளவு கனம். கலத்து ஜன்னல்ல நெருப்பு ஓடுது. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல சார். அறுபத்தஞ்சுன்னு நான் சொன்னேன். அறுபத்தாறு. அறுபத்தேழு. பாராசூட் விரியற வரைக்கும் நான் எண்ணிக்கிட்டே வந்தேன். இருநூத்தி பன்னெண்டு. எதுக்கு எண்ணினேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நிறுத்தினா ஏதோ ஆயிடும்னு தோணுச்சு.

தரையில இறங்கினதும் முதல்ல அவளைத்தான் எடுத்தாங்க. ஹெலிகாப்டர்ல கொண்டு போயிட்டாங்க. குடல்வால் மேலயே வெடிச்சிருக்கு. அஞ்சு மணி நேர ஆபரேஷன். ஒன்றரை அடி குடலை எடுத்துட்டாங்க. ஆனா பிழைச்சுட்டா சார். பிழைச்சுட்டா. இனிமே பறக்க அனுமதி கிடையாது, அது அவளுக்கு எந்தக் காலத்துக்கும் இல்லன்னு எழுதிட்டாங்க.

அப்புறம்தான் விசாரணை. பதிவேட்டுல ஏன் உங்க பேரு, ஸ்கேன் ஏன் எடுக்கல, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம். மூணு நாள். மூணாம் நாள் துஷ்யந்தியை ஆஸ்பத்திரி படுக்கையிலிருந்து வீடியோவுல காட்டினாங்க. பாதியா இளைச்சுப் போயிருந்தா. யாரும் கேக்கறதுக்கு முன்னாலயே இங்கிலீஷ்ல சொல்லிட்டா: "அவர் டாக்டர்கிட்ட சொல்லச் சொன்னார். நான்தான் மாட்டேன்னு மறைச்சேன். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். தப்பு என்னோடது."

அவ்வளவுதான், அறையில எல்லாரும் பேனாவை மூடி வச்சுட்டாங்க. அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா மட்டும் என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் குறுக்க பேசல. முடியாம படுத்திருக்கிற பொண்ணு பேசறப்ப குறுக்க பேசறது மரியாதை இல்ல. அதுவும் போக, அவளுக்கு அப்ப காய்ச்சல், மயக்க மருந்து. ஞாபகம் அப்படி இப்படி இருந்திருக்கலாம். அவ ஞாபகத்துல எது இருக்கோ அதைச் சொல்றா, அதைத் திருத்த நான் யாரு.

எனக்கு தண்டனை ஒண்ணும் இல்ல. குற்றமில்லன்னு கடிதம் குடுத்தாங்க. அடுத்த பட்டியல்ல பேர் வரல, அது வேற விஷயம், வயசாச்சு. இப்ப பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய்ப் பேசறேன். உசிலம்பட்டியில ஏறினப்ப கையில சால்வை வச்சிருந்தேன்ல, அது அங்க போட்டதுதான்.

அவ அப்பப்ப கூப்பிடுவா. என் வீட்டுக்காரியோடவும் பேசுவா. இப்ப அங்க ஒரு கல்லூரியில பாடம் எடுக்கறா. பழைய மாதிரியே கேலி பண்ணுவா. மேல நடந்த அந்த மூணு நாளைப் பத்தி மட்டும் ரெண்டு பேரும் பேசினதில்ல.

நாலு மாசத்துக்கு முன்னால ஒரு நாள் கூப்பிட்டா. அதையும் இதையும் பேசிட்டு, திடீர்னு, "அண்ணை, ஒண்டு கேட்கட்டோ? உண்மையைச் சொல்லோணும்"ன்னா. கேளுன்னேன்.

"அண்டைக்கு யெர்லான் மறிச்சிருக்காட்டி, நான் மயங்கிக் கிடக்கிறது தெரிஞ்சும், நீங்கள் கதவைத் திறந்து வெளிய போயிருப்பியளோ?"

என்ன கேள்வி சார் இது. மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டே இருந்திருக்கா போல. ஒருத்தி இப்படிக் கேட்டா ஒரு நல்ல மனுஷன் என்ன சொல்லணுமோ அதைத்தான் நான் சொன்னேன். "என்னம்மா இப்படிக் கேக்கறே? உன்னை அந்த நிலைமையில விட்டுட்டு நான் போவேனா? ஒரு நொடிகூட யோசிச்சிருக்க மாட்டேன்"னு சொன்னேன். நல்லாத்தானே சொன்னேன்?

அப்புறம், "சரி அண்ணை. சாப்பிட்டீங்களோ?"ன்னா. சாப்பிட்டேன்னேன். வச்சிட்டா.

அதுக்கப்புறம் கூப்பிடல.

நானும் மூணு நாலு தடவை போட்டுப் பாத்தேன். மணி அடிக்குது, எடுக்கல. அவளைச் சொல்ல முடியாது. அவங்களுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம். நான் போடறது காலையில, அப்ப அங்க தூங்கற நேரம். அங்க ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணின்னா இங்க சாயந்தரம் ஏழரை. அப்ப போட்டா கண்டிப்பா எடுப்பா. ஒரு சீட்டுல எழுதி பர்ஸுலயே வச்சிருக்கேன், இந்தா பாருங்க, இந்தியா ஏழரை, கனடா பத்துன்னு. எழுதி நாலு மாசமாச்சு. ஞாயித்துக்கிழமை ஏழரை ஆனா எனக்குத்தான் ஏதாவது ஒரு வேலை வந்துடுது.